சிஷோம் துரையும் நம்மவர் கைத்திறனும்

மயிலையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கலங்கரை விளக்கத்தையும் விவேகானந்தர் இல்லத்தையும் கடந்தபின், இடப்புறத்தே மூன்று பெரிய கட்டடத் தொகுதிகளைக் காண்பர். முதலாவது மாநிலக் கல்லூரி. அடுத்தது ஆர்க்காட்டு நவாபு வாழ்ந்திருந்த சேப்பாக்கம் அரண்மனை. மூன்றாவது சென்னைச் சர்வகலாசாலையின் செனேட் மண்டபம். இம்மூன்றினுள் முதலாவதையும் மூன்றாவதையும் புதிதாய் வகுத்தவரும், நடுவிலுள்ளதைத் திருத்தி விரித்தவரும் ஒருவரே. அவர் பெயர் ராபர்ட் பெல்லோஸ் சிஷோம். 1840-ஆம் வருஷம் லண்டன் மாநகரிற் பிறந்து, 1915-ஆம் வருஷம் தம் தேசத்திலேயே காலஞ்சென்ற ஆங்கிலேயர்.

நம் குலத்தாரின் மாத வெளியீட்டில் ஓர் ஆங்கிலத் துரையின் சரித்திரம் எதற்கு என்று சில அன்பர்கள் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. மயனையும் விசுவகர்மாவையும் முன்னோராகச் சொல்லிக்கொள்ளும் நாம், கருங்கல்லும் தேக்கும் செம்பும் இரும்பும் பொன்னும் கையாண்டு வந்த ஐந்தொழிலாளர், நம்மிற் பிறந்த ஸ்தபதியர் சரித்திரத்தை எழுதுவதன்றோ முறை? எழுதத்தான் விரும்புகிறோம். ஆனால் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இப்பட்டணத்தில் எழுந்த பெருங் கட்டடங்களில் உளி பிடித்தவர், இழைப்புளி தள்ளியவர், துருத்தி ஊதியவர் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. எட்டியது வரைபடம் எழுதியவர் பெயர். ஆதலால் அவர் வாழ்க்கையைப் பற்றிக்கொண்டுதான் நம்மவர் வேலையை நாம் தேடவேண்டியிருக்கிறது. அவர் சரித்திரத்தை ஊன்றிப் பார்த்தால், இக்கட்டடங்கள் யாருடையவை என்னும் பழைய வழக்குக்கும் சிறிது வெளிச்சம் கிடைக்கும்.

1864-ஆம் வருஷத்தில் சென்னை அரசாங்கத்தார் மாநிலக் கல்லூரிக்கும் செனேட் மண்டபத்துக்கும் வரைபடங்கள் கோரிப் போட்டி ஒன்றை அறிவித்தனர். அப்பொழுது சிஷோம் கல்கத்தாவில் இருந்தார். வயது இருபத்துநான்கு. அங்கிருந்து அவர் அனுப்பிய படமே தேர்ந்தெடுக்கப்பட்டது. உடனே சென்னைக்கு வந்து சேர்ந்தார். பின்னர் அரசாங்கத்தின் ஆலோசனைச் சிற்பி என்னும் பதவியும் அவருக்குக் கிடைத்தது.

மாநிலக் கல்லூரிக் கட்டடம் 1870-இல் திறக்கப்பட்டது. அதைக் காண்போர் ஒன்று கவனிக்கலாம். அதில் நம் நாட்டுச் சாயல் அதிகமில்லை. வரிசையான வளைவுகளும் தாழ்வாரங்களும் இத்தாலிய தேசத்து முறையைப் பின்பற்றியவை. இந்தியாவுக்கு வந்து புதிதில் வேலை தொடங்கிய இளைஞர், தாம் சீமையிற் கற்றதையே இங்குப் போட்டார். அது குற்றமன்று, கற்றதைத்தானே முதலில் எவரும் செய்வர்? நம் பட்டறையில் புதிதாய்ச் சேர்ந்த பையன் தகப்பன் வெட்டிய தாமரையையே முதலில் வெட்டுகிறான். நீலகிரியில் லவ்டேலிலுள்ள லாரன்ஸ் பள்ளிக் கட்டடமும் உதகையிலுள்ள நூல்நிலையமும் இதே காலத்தில் அவர் வகுத்தவை. அவையும் ஐரோப்பிய முறையனவே.

அதன்பின் அவர் மாறினார். அந்த மாறுதல்தான் அவர் சரித்திரத்தில் நாம் நின்று பார்க்கவேண்டிய இடம்.

1866 முதல் 1872 வரை சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. பஞ்சத்தையும் பாசனத்தையும் போலவே கட்டடக் கலையிலும் அவருக்குக் கருத்து இருந்தது. 1870-இல் இந்தியாவின் தற்காலக் கட்டடக் கலையைப் பற்றிச் சென்னையில் ஒரு பிரசங்கம் செய்தார். கோயில்களிலுள்ள நம் கல்தூண் முறையை அவர் மதித்தார். ஆயினும் பெருஞ்சபை கூடும் பொது மண்டபங்களுக்கு வளைவும் குவிமாடமும் உடைய முகம்மதிய முறையே ஏற்றது என்பது அவர் துணிபு. தூணின்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பாவுகல் என்று அடுக்கும் முறையில் இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள வெளி, கிடைக்கும் கல்லின் நீளத்துக்குமேல் விரியாது. ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் மறைக்காமல் உட்கார, வளைவு வேண்டும். கவர்னர் சொன்னதில் இவ்வளவும் மெய். ஆனால் அவ்வார்த்தையால் நம் ஸ்தபதியர் முறை கோயில் மதிலுக்குள்ளேயே நிறுத்தப்பட்டது என்பதையும் நாம் சொல்லாமல் விடக்கூடாது. ஓர் ஆயிரங்கால் மண்டபத்தை எழுப்பியவர் வழிவந்தோரிடம், வெளியை விரிக்க உங்களிடம் என்ன வழி இருக்கிறது என்று அன்று யாரும் கேட்டதாக நாம் அறியோம்.

அக்காலத்தில் சீமையிலும் இதுபற்றி வாதம் நடந்தது. 1873-இல் லண்டனில், ரோஜர் ஸ்மித் என்னும் சிற்பநூலார், ரோமர் சென்றவிடமெல்லாம் ரோமாபுரி முறையிலேயே கட்டியதுபோல ஆங்கிலேயரும் இந்தியாவில் ஐரோப்பிய முறையிலேயே கட்டவேண்டும் என்று வாதித்தார். எமர்சன் என்னும் மற்றொருவர் அதை மறுத்து, முன்பு இங்கு வந்து ஆண்ட முகம்மதியர் இந்நாட்டுக் கலையைத் தமதாக்கிக்கொண்டதுபோல நாமும் செய்வோம் என்றார். ஆள்வோரின் பெருமையை எப்படிக் காட்டுவது என்பதே இருவருக்கும் கேள்வி. கட்டப்போகும் கைகள் யாருடையவை என்பதை அவ்வாதத்தில் அதிகம் காணோம்.

சிஷோம் துரை வேறு வழியாக அந்த இடத்துக்கு வந்தார். நேப்பியர் பிரபுவின் ஆணைப்படி மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைப் பழுதுபார்க்கும் பணி அவரிடம் வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த அவ்வரண்மனை அப்பொழுது பெரும்பகுதி இடிந்து கிடந்தது. எஞ்சிய சுவர்க்க விலாசமும் விழும் நிலையிலிருந்தது. அதனை அளந்து, படமெழுதி, பழுதுபார்த்து, 1876-இல் அதைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். மதுரையை அறிந்தோர் அம்மண்டபத்தின் அமைப்பை அறிவர். பெரிய தூண்கள்; அவற்றின்மேல் செங்கல்லால் மடிப்பு மடிப்பாக வளைவுகள்; வளைவுகளின்மேல் குவிமாடம்; எல்லாவற்றையும் போர்த்து வெண்ணெய்போல் வழவழக்கும் சுண்ணச் சாந்து. இரும்பு உத்தரம் கிடையாது. கோயில் தூணும் பள்ளிவாசல் வளைவும் அங்கே ஒருவீட்டுப் பிள்ளைகள்போல் சேர்ந்து நிற்கின்றன. இத்தாலியர் ஒருவர் அதை வகுத்தார் என்னும் கர்ணபரம்பரையும் உண்டு. அது எப்படியாயினும், நம் நாட்டு முறை என்று தேடிச் சென்றவருக்குக் கிடைத்ததே ஒரு கலப்பு என்பது கவனிக்கத் தக்கது. நாயக்கர் காலத்துச் சிற்பியர் வளைவைக் கண்டு அஞ்சவில்லை. எடுத்துக்கொண்டார்கள், தங்கள் கையால் திருப்பிக் கொடுத்தார்கள்.

மதுரையில் அவர் கற்றது சுண்ணாம்பையுந்தான் என்று எண்ணுகிறோம். சென்னைச் சுண்ணச் சாந்து ஒரு காலத்தில் தேசாந்தரங்களிற் பேசப்பட்ட பொருள். கடற்சிப்பியைச் சூளையிற் சுட்டு, நீர்விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு அரைப்பார்கள். முதற்பூச்சு உலருமுன் இரண்டாம் பூச்சு. கடைசிப் பூச்சுக்கு மணல் மிகக் குறைவு. முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் சேரும். அது இறுகும்வரை வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் மங்கிவிடும். தேய்த்து முடித்த தூணைச் சலவைக்கல் என்று நம்பி ஐரோப்பியர் ஏமாந்ததுண்டு. இந்த வேலையைப் படத்தில் எழுதிக் காட்ட முடியாது. எப்பொழுது அரைத்தது போதும், எப்பொழுது தேய்ப்பதை நிறுத்தலாம் என்பது விரலுக்குத்தான் தெரியும்.

சுண்ணாம்பு வேலையும் செங்கல் வேலையும் நம் குலத்தாருக்கு மட்டும் உரியவை என்று நாம் உரிமை பாராட்டவில்லை. கொத்தனார்கள் பல ஜாதியினர், முகம்மதியரும் இருந்தனர், சித்தாள் வேலை செய்த பெண்மக்களோ எண்ணிறந்தோர். தச்சும் கல்வேலையும் இரும்பும் பித்தளையும் நம்மவர் கைப்பட்டவை என்று சொல்வது மட்டும் மிகையாகாது.

மதுரையிலிருந்து நம் நோக்கை மேற்கே திருப்புவோம். திருவனந்தபுரத்தில் நேப்பியர் பெயரால் வழங்கும் பொருட்காட்சிச் சாலையை வகுக்கும் வேலையும் சிஷோம் துரையிடம் வந்தது. பழைய கட்டடத்தை நீக்கிவிட்டு 1870-களில் தொடங்கி 1880-இல் அது முடிந்தது. கோடையில் மழையும், மழையில் பெருமழையும் பெய்யும் நாடு அது. அங்குள்ள தச்சர், செங்குத்தான ஓட்டுக் கூரையும், இறவாரத்தை வெகுதூரம் நீட்டும் கைமரங்களும், காற்று நுழைந்து வெளியேறும் அழிகளும் முகப்பு வேலையும் கண்டு பழகியவர். சிஷோம் அவற்றை விட்டுவிட்டு இத்தாலிய வளைவைக் கொண்டுபோய் வைக்கவில்லை. அந்நாட்டுக் கோயில்களையும் அரண்மனைகளையும் பார்த்து, அந்தக் கூரையையே தம் கட்டடத்தின் முக்கிய அங்கமாக்கினார். உள்ளே நுழைந்தவர் இன்றும் வெயிலின் கொடுமை அறியாமல் நிற்கலாம்.

அவ்விடத்திற் கற்றதை அவர் சென்னைக்கும் கொண்டுவந்தார். 1884-இல் திறக்கப்பட்ட பெரிய தபால் நிலையத்திலும், 1880-களின் பிற்பகுதியில் எழுந்த விக்டோரியா பொது மண்டபத்தின் கோபுரத்திலும் அம்மலையாளக் கூரைச் சாயல் உண்டு. சென்ட்ரல் ரயிலடிக்குப் பக்கத்தில் நின்று அக்கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர், கீழே ஐரோப்பிய முறையில் தொடங்கி மேலே திருவிதாங்கூரில் முடியும் ஒரு பிரயாணத்தைக் காண்பார். அது அழகாக இருக்கிறதா என்று கேட்டால், நமக்குச் சிறிது தயக்கமே. திருவனந்தபுரத்தில் மழைக்காக நின்ற கூரை, சென்னையில் அலங்காரத்துக்காக நிற்கிறது. ஒரு பொருளை அதன் காரணத்தோடு எடுத்துக்கொள்வது ஒன்று. காரணத்தை விட்டு உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வேறொன்று. நம் காலத்தில் மாடி வீடுகளின் முகப்பில் சிமெண்டுத் தூணும் கிரேக்கத் தலைப்பும் வைப்பவர் செய்வதும் இதுவே.

இனிச் செனேட் மண்டபத்துக்கு வருவோம். போட்டியில் வென்ற படம் ஒன்று. 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்த கட்டடம் வேறொன்று. இடையில் மதுரை அவர் மனத்திற் புகுந்துவிட்டது. சேப்பாக்கம் அரண்மனை பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம். 1768-இல் முகம்மதலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்ட அவ்வரண்மனை, 1855-இல் கடைசி நவாபு சந்ததியின்றி இறந்தபின் அரசாங்கத்தாரிடம் சென்றது. ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால் என்னும் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே சிஷோம் ஒரு கோபுரத்தை எழுப்பி அவற்றை இணைத்தார். வருமான போர்டாருக்கும் மராமத்து இலாகாவுக்கும் வேண்டிய கட்டடங்களையும் அதே சாயலில் வகுத்தார். ராயப்பேட்டையிலுள்ள அமீர் மஹாலை ஆர்க்காட்டு இளவரசர் வாழ்வதற்கேற்ற மாளிகையாக மாற்றியவரும் அவரே. அரண்மனையை எடுத்துக்கொண்ட அரசாங்கம் அதற்கு ஈடாக மற்றோரிடத்தில் ஓர் அலுவலகத்தை அரண்மனையாக்கிக் கொடுத்தது; இரண்டிலும் படம் எழுதியது ஒரே கை! சரித்திரத்தில் இப்படிப்பட்ட விநோதங்கள் உண்டு.

செனேட் மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் குவிமாடம் தரித்த கோபுரங்கள். அவற்றின் சாயல் கான்ஸ்டான்டிநோபில் பக்கத்தது என்பர் ஒரு சாரார். தக்கணத்துச் சுல்தான்கள் கட்டியவற்றின் சாயல் என்பர் மற்றொரு சாரார். இருசாராரும் பொய் சொல்லவில்லை. முன்புறத் தாழ்வாரத்துக் கல்தூண்களின் தலைப்பைக் கிட்டச் சென்று பார்த்தால் நம் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். உள்ளே வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சம் இறங்குகிறது. செங்கல்லின் சிவப்பும் சாந்தின் வெண்மையும் மாறிமாறி வருகின்றன. இவ்வளவையும் ஒரே உடம்பில் ஒட்டிவைத்து, அது ஒட்டுப்போட்ட துணியாகத் தோன்றாமல் நிற்கச் செய்ததுதான் சிஷோமின் திறம். அங்கங்கள் பிறருடையவை; அளவும் சேர்க்கையும் அவருடையவை. 1937-இல் சென்னைச் சட்டசபை முதன்முதல் கூடியதும் இம்மண்டபத்திலேதான். பின்னாளில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், சர்வகலாசாலையின் 150-ஆம் ஆண்டை ஒட்டிப் பழுதுபார்க்கப்பட்டது.

அத்தூண்தலைப்பைச் செதுக்கியவர் யார்? படத்தில் துரை எவ்வளவு எழுதியிருப்பார், உளி எவ்வளவு சேர்த்திருக்கும்? தொழில் அறிந்தவர்க்கு இக்கேள்வியின் கனம் தெரியும். நம் ஸ்தபதி காகிதத்தில் சிறிதாய் எழுதிப் பெரிதாய்க் கட்டும் வழக்கத்தை உடையவரல்லர். முழக்கோலைப் பிடித்து, தாளமானம் கணக்கிட்டு, தரையிலோ சுவரிலோ காவியாலும் கரியாலும் முழு அளவிலேயே கீறிக் காட்டுவார். இலை எங்கே மடங்கும், யாளியின் வாய் எவ்வளவு திறக்கும் என்பது மனப்பாடம். அப்படிப்பட்டவரிடம் அடியும் அங்குலமும் குறித்த சீமைக் காகிதத்தை நீட்டினால், அவர் அதை எழுத்துப் பிசகாமல் நகல் செய்யமாட்டார், செய்யவும் இயலாது. தம் கைக்கு வந்ததைத்தான் வெட்டுவார். ஐரோப்பிய முறைக் கட்டடங்களில் இது பிழை என்று எண்ணப்பட்டு, வெட்டியது உடைத்தெறியப்படும். சிஷோம் அதைப் பிழை என்று எண்ணவில்லை. இதற்காகவே நம் வெளியீட்டில் அவருக்கு இடம் தருகிறோம்.

1883-இல் லண்டன் சிற்பநூலார் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் கட்டும் ஐரோப்பியச் சிற்பி இந்நாட்டு முறையிலேயே கட்டவேண்டும் என்பது அவர் கட்சி. ஆள்வோர் பெருமையை அவர் அதற்குக் காரணமாகச் சொல்லவில்லை. கல்லிலும் மரத்திலும் உண்மையாகத் தம் கைச்சுவட்டைப் பதிப்பவர் இந்நாட்டுத் தொழிலாளர். அவர்களுக்கு விளங்காத உருவத்தை அவர்களைக்கொண்டு செய்விப்பது உயிரற்ற வேலை. ஆகவே சிற்பி அவர்களோடு ஒத்த உணர்வுடையவனாக வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். சீமையின் பெரியோர் கூடிய சபையில் நம்மவருக்காக இவ்வளவு சொன்னவர் அந்நாளில் அதிகமில்லை.

ஆயினும், அதே கட்டுரையில் ஒரு கொத்தனார் பெயரையோ ஒரு தச்சர் பெயரையோ நாம் எடுத்துக்காட்ட முடியவில்லை. தொழிலாளி என்று பொதுப்படச் சொல்லிப் புகழ்ந்தார். குப்புசாமி ஆசாரி என்றோ முத்தாச்சாரி என்றோ குறித்துச் சொல்வது வழக்கத்தில் இல்லை. அரசாங்கத்து அளவுப் புத்தகத்தில் இத்தனை கனஅடி கல்வேலை என்று ஏறும். வெட்டியவன் பெயர் ஏறாது. கண்டிராக்டர் பெயராவது சில இடங்களில் நின்றது. விக்டோரியா பொது மண்டபத்தைக் கட்டி முடித்த தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் பெயரை இன்றும் சென்னை மறக்கவில்லை. உயர்நீதிமன்றமும் கன்னிமாரா நூல்நிலையமும் அவர் கட்டியவை; அவற்றை வகுத்தவர் சிஷோமுக்குப் பின்வந்த ஹென்றி இர்வின். முதலாளி பெயர் நின்றது, துரை பெயர் நின்றது. நடுவிலிருந்த படி மட்டும் தேய்ந்துபோயிற்று.

1877 முதல் 1883 வரை சென்னைக் கைத்தொழிற் கலாசாலையின் தலைமையும் சிஷோமிடம் இருந்தது. ஹண்டர் என்னும் வைத்தியர் 1850-இல் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய பள்ளி அது. ஐந்து வருஷத்துக்குப்பின் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இன்றும் கவின்கலைக் கல்லூரியாக நடக்கிறது. பரம்பரைத் தொழிலாளர் பிள்ளைகள் கூலிக்கும் உதவித் தொகைக்கும் அங்கே சேர்ந்தனர். அப்பள்ளியைப் பற்றி நம் முன்னோரிடையே இருவேறு எண்ணம் இருந்தது. வீட்டில் தகப்பனிடம் கற்கவேண்டியதைச் சம்பளத்துக்கு உத்தியோகஸ்தரிடம் கற்பதா என்று ஒரு கட்சி. படம் எழுதத் தெரியாதவன் இனிமேல் கூலிக்காரனாகவே நிற்பான் என்று மறுகட்சி. நாம் யோசித்துப் பார்த்ததில் இரண்டாவது கட்சி சொன்னதே நடந்தது. முழக்கோல் பிடித்தவர் கையிலிருந்து வரைபடம் வேறொருவர் கைக்குப் போன அன்றே அவர் ஸ்தபதி என்னும் நிலையிலிருந்து மேஸ்திரி என்னும் நிலைக்கு இறங்கினார்.

சென்னையை விட்டபின் சிஷோம் பரோடா சமஸ்தானத்துக்குச் சென்றார். அங்கே சாயாஜிராவ் மகாராஜாவுக்காக லக்ஷ்மி விலாச அரண்மனையைத் தொடங்கியிருந்த மேஜர் மான்ட் 1881-இல் இறந்துவிட்டார். தாம் போட்ட கணக்கு தவறு, கட்டடம் இடிந்துவிடும் என்னும் பீதியால் அவர் சித்தங் கலங்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவ்வேலையை ஏற்று 1890-இல் முடித்தவர் சிஷோம். அரண்மனை இன்றுவரை இடியவில்லை.

அரண்மனையினும் நமக்குச் சுவையானது பரோடாக் கல்லூரியின் குவிமாடம். லண்டனில் அவர் படித்த கட்டுரையின் விஷயமும் அதுவே. அதற்கு அவர் வழிகாட்டியாகக் கொண்டது பிஜப்பூரிலுள்ள கோல் கும்பஸ். முகம்மது அடில்ஷாவின் சமாதியான அது 1656-இல் முடிந்தது. குவிமாடத்தின் உள்விட்டம் சுமார் 124 அடி. நாற்சதுரமான சுவரின்மேல் வட்டமான குவிமாடத்தை எப்படி உட்கார வைப்பது என்பது பழைய சிக்கல். பிஜப்பூர்ச் சிற்பியர் ஒரு சதுரத்தின்மேல் மற்றொரு சதுரத்தைத் திருப்பிவைத்தாற்போல் எட்டு வளைவுகளை ஒன்றையொன்று வெட்டும்படி எழுப்பினர். வளைவுகள் உட்புறமாகச் சாய்ந்து மேலே வட்டமாகக் குறுகுகின்றன. குவிமாடம் வெளியே தள்ளும். சாய்ந்த வளைவுகளின் பாரம் உள்ளே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். தராசில் இருதட்டும் சமமாக நிற்பதுபோல என்று சொல்லலாம். சீமைச் சிற்பநூலாரிடம் இந்த யுக்தியை எடுத்துச் சொல்லி, தாம் அதிலிருந்து கற்றதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கடன் வாங்கியவன் கடன்பத்திரத்தைத் தானே சபையில் வாசித்தது போன்ற செயல் இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சீமைக்குத் திரும்பினார். லண்டனில் ஸ்லோன் தெருப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தை வகுக்கும் வேலை 1904-இல் கிடைத்தது. அதன் மண்டபமும் உயர்ந்த கோபுரமும் கீழைத் தேசத்துச் சாயலுடையவை. சென்னையிலும் பரோடாவிலும் நாற்பதாண்டு பழகிய கை, சொந்த ஊரில் கட்டும்போது பழைய இத்தாலிய முறைக்குத் திரும்பிப் போகவில்லை. ஆலயம் பிற்காலத்தில் கைமாறி, 2004 முதல் காடகன் மண்டபம் என்னும் பெயரோடு சங்கீதக் கச்சேரிகள் நடக்கும் இடமாக இருக்கிறது. அங்கே பாட்டுக் கேட்கப் போகும் லண்டன்வாசிகளில் எத்தனை பேருக்கு அதன் பரம்பரை மதுரையையும் தொட்டுவருகிறது என்று தெரியும்?

சிஷோம் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் போலவே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவரும் பலர். இர்வினும் அவர் வழிவந்தோரும் உயர்நீதிமன்றத்தையும் எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலை வளாகத்துக் கட்டடங்களையும் அதே கலப்பில் எழுப்பினர். வரவர அங்கே கும்பங்களும் மினார்களும் பெருகின. சில இடங்களில் கல்யாணப் பந்தல் அலங்காரத்தின் அளவுக்குப் போய்விட்டது என்பது நம் அபிப்பிராயம். பின்பு சிமெண்டும் இரும்பும் வந்தன. தியாகராயநகரில் 1920-கள் முதல் எழுந்த வீடுகள் வேறு வழியிற் போயின. ஆயினும் பழைய எண்ணம் அடியோடு மறையவில்லை. அடையாறில் 1936-இல் தோன்றிய கலாக்ஷேத்திரம், பின்னர் திருவான்மியூருக்குச் சென்று, 1980-களில் மலையாள நாட்டுக் கூத்தம்பலத்தைப் பின்பற்றி ஒரு நாடக அரங்கை எழுப்பிற்று. அதை வகுத்தவர் அப்புக்குட்டன் நாயர். சிஷோம் எந்தக் கூரையைச் சென்னைக்குக் கொண்டுவந்தாரோ அதே கூரை நூறாண்டு கழித்து மறுபடியும் வந்தது. இம்முறை அதன் காரணத்தோடு வந்தது.

நம்மவர் நிலையும் மாறியது. 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கலாசாலை ஏற்பட்டு, பிள்ளையார்பட்டி வைத்தியநாத ஸ்தபதி அதன் தலைவரானார். அவர் புதல்வர் கணபதி ஸ்தபதி 1976-இல் நுங்கம்பாக்கத்து வள்ளுவர் கோட்டத்தை அமைத்தார்; 2000-இல் குமரிமுனையில் 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலையை நிறுத்தினார். வள்ளுவர் கோட்டத்து அரங்கில் நடுவே தூணின்றி ஆயிரக்கணக்கானோர் உட்காரலாம். நேப்பியர் பிரபு நம் முறையால் ஆகாது என்று கருதியதற்கு நூறாண்டுக்குப்பின் கிடைத்த விடை என்று அதைச் சொல்ல ஆசையாகவே இருக்கிறது. ஆனால் அக்கூரையைத் தாங்குவது கான்கிரீட்டு. மேனாட்டிலிருந்து வந்த பொருளை நம் ஸ்தபதி தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார். சிஷோம் நம் சாந்தைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டதைப் போலவே இதுவும். ஒரு வித்தியாசம் உண்டு. இக்கட்டடத்தில் ஸ்தபதியின் பெயர் யாவரும் அறிய நிற்கிறது.

2012-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சேப்பாக்கம் கலஸ் மஹாலில் தீப்பற்றியது. தேக்குக் கூரை எரிந்து விழுந்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிர் துறந்தார். இடித்துவிடுவதா பழுதுபார்ப்பதா என்னும் யோசனைக்குப்பின் பழுதுபார்ப்பது என்று முடிவாயிற்று. 2017-இல் வேலை நிறைவேறிற்று. மறுபடியும் சுண்ணாம்பு அரைக்கப்பட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைக்கப்பட்டன. உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டமாக நிறுத்திப் பாவும் பழைய சென்னை மெத்தை வேலை தெரிந்தவர்களைத் தேடவேண்டியிருந்தது. தெரிந்தவர் சிலரே இருந்தனர். அதையடுத்து ஹுமாயூன் மஹாலும் அவ்வாறே புதுப்பிக்கப்பட்டது.

நம் அங்கத்தினர் குடும்பங்களில், பாட்டனாரோ அவர் பாட்டனாரோ செனேட் மண்டபத்திலும் சேப்பாக்கத்திலும் வேலை செய்தார் என்று வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டவர் இருப்பர். பழைய முழக்கோல், காவிக்கோடு போட்ட பலகை, கூலிக் கணக்கு எழுதிய ஓலை அல்லது நோட்டு, எதுவாயினும் பரணில் கிடக்கலாம். வெள்ளையடிக்கும் காலத்தில் அவற்றை விறகாக்கிவிட வேண்டாம். பெயரும் ஊரும் வேலை செய்த கட்டடமும் மூன்று வரியில் எழுதி நம் காரியதரிசிக்கு அனுப்பினாற் போதும். வந்தவற்றை வந்தவாறே இவ்வெளியீட்டில் அடுத்தடுத்த மாதங்களில் அச்சிடுவோம்.